குடத்துக்குள் கை விட்ட பையன்

ஆகஸ்ட் 7
அடுத்த வாரம் ஐந்தாம் வகுப்புக்குக் குடவோலை முறை, அதாவது சோழர் காலத்தில் ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த விதம். போன வருடம் ‘முதலாம் பராந்தகன், உத்திரமேரூர், கி.பி. 919, 921’ என்று கரும்பலகையில் எழுதித் தொடங்கினேன். பத்தே நிமிடத்தில் கொட்டாவி. இந்தத் தடவை கதையாகத்தான் சொல்ல வேண்டும். யாருடைய கதையாக? ராஜாவைப் பிடித்தால் மறுபடியும் ராஜா கதைதான்.

ஆகஸ்ட் 9
உத்திரமேரூர்க் கல்வெட்டு வாசகத்திலேயே ஆள் கிடைத்துவிட்டான். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்கிறார்கள். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்து மாற்றிவிட்டால்? ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே அந்தப் பயம் இருந்திருக்கிறது! பாடத்தை அந்தப் பையனிடமிருந்தே தொடங்கிவிடலாம்.

ஆகஸ்ட் 11
வகுப்புத் தலைவர் தேர்வாகவே நடத்தினேன். சத்துணவுக் கூடத்துக் குடம், பனையோலை நறுக்கு, 19 பெயர்கள். ‘ஒன்றும் அறியாத’ சிறுவனாக ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒருவனைக் கூட்டி வந்தால், எடுத்த ஓலையைப் பார்த்து ‘க’ என்று சத்தமாக வாசித்துவிட்டான். வாசிப்பும் கணக்கும் சொல்லித்தரும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் நன்றாகத்தான் போகிறது, அதை இங்கேயா காட்ட வேண்டும்? அப்புறம் அங்கன்வாடியிலிருந்து இன்னொருவன். அவன் ஒரு கொத்தை அள்ளிக்கொண்டு தரவே மாட்டேன் என்று அடம். மிட்டாய் கொடுத்துத்தான் மீட்டேன்.

ஆகஸ்ட் 12
இன்று, குடத்தில் பெயர் போட அந்தக் காலத்தில் கேட்ட தகுதிகள். வயது 35க்கு மேல், 70க்குள். வரி கட்டும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு.
“வாடகை வீடுன்னா நிக்கவே முடியாதா டீச்சர்?”
முடியாது.
“பொம்பளைங்க பேரு குடத்துல இருந்துச்சா?”
இல்லை. இப்போது உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்றேன். பின் பெஞ்சிலிருந்து, “அப்போ மீட்டிங்ல ஏன் அவங்க வீட்டுக்காரரே பேசுறாரு?” இதற்குப் பாடக்குறிப்பில் நான் எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் நிற்க முடியாது என்ற விதிக்குத்தான் கைதட்டல்.

ஆகஸ்ட் 16
நேற்றுக் கொடியேற்றியதும் மிட்டாயோடு ஒரு வேலையும் கொடுத்து அனுப்பியிருந்தேன்: கிராம சபையில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நான்கு பேர் போயிருக்கிறார்கள். அதில் ஒருத்தி சொன்னாள்: “வரவு செலவு வாசிச்சாங்க டீச்சர், ரொம்ப வேகமா. தெருவிளக்குக்கு எவ்வளவுன்னு காதுல விழல.”
திரும்பக் கேட்டாயா என்றேன்.
“அடுத்தது எப்போ டீச்சர்?”
அக்டோபர் 2 என்றேன். நோட்டில் குறித்துக்கொண்டாள்.