முழங்கை ஆர்த்ரோஸ்கோபி: சீடி ஸ்கேன் எடுத்தால் குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள்

தேய்ந்து இறுகிப்போன என் முழங்கைக்கு ஆர்த்ரோஸ்கோபி (சின்னத் துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் அறுவை) செய்துகொள்ள, கோபியிலிருந்து வெள்ளனே பஸ் ஏறி, கோவையில் டோக்கன் போட்டு மத்தியானம் வரை உட்கார்ந்து உள்ளே போனால் முதல் கேள்வி, "சீடி எங்கீங்க?" ஸ்கேன் ஃபிலிமை நீட்டினேன். டாக்டர் கேட்டது குறுந்தகட்டை. ஸ்கேன் எடுத்த இடத்தில் ஃபிலிமும் ரிப்போர்ட்டும் மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தகடு கேட்டால்தான் தருவார்களாம். ஒரு நாள் வீண்.

அந்தத் தகடு ஏன் முக்கியம் என்றால், தேய்ந்த முழங்கையில் எலும்பு முள்போல வளர்வது முன்பக்கக் குழியிலும் பின்பக்கக் குழியிலும்தான். மூட்டுக்குள் உதிர்ந்து கிடக்கும் துண்டுகள் சில எக்ஸ்ரேயில் தெரியாது. கம்ப்யூட்டரில் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் எங்கே எவ்வளவு செதுக்குவது என்று முடிவு செய்கிறார்கள்.

அடுத்த இடி காப்பீட்டில். கை எத்தனை டிகிரி மடங்குகிறது, எத்தனை டிகிரி நீள்கிறது, எத்தனை மாதம் மாத்திரையும் பிசியோதெரபியும் பார்த்தாயிற்று என்று கேட்டு அனுமதியைத் திருப்பிவிட்டார்கள். டாக்டர் சீட்டில் "அசைவு குறைவு" என்று மட்டும் இருந்தது. கவுண்டரில் "டாக்டர் லீவுங்க, திங்கக்கிழமை வாங்க" என்றார்கள். முதல் தடவை பார்க்கும்போதே கோனியோமீட்டரில் (மூட்டின் கோணம் அளக்கும் கருவி) அளந்து எழுதச் சொல்லுங்கள். எனக்கு நீட்டும்போது 35 டிகிரி குறை, மடக்கினால் 110. அன்றாட வேலைக்கு 30 முதல் 130 வரை வேண்டும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், இந்த அறுவை அந்த ஆஸ்பத்திரியில் திட்டத்துக்குள் வருகிறதா என்று அட்மிஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அறுவை சிக்கலில்லாமல் முடிந்தது. சின்னச் சின்ன துளைகள்தான். துண்டுகளை எடுத்து, முள்ளைச் செதுக்கி, இறுகிய மூட்டுறையைத் தளர்த்தினார்கள்.

யாருக்குப் பலன் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். லேத், சம்மட்டி, விசைத்தறி என்று வருஷக்கணக்காகப் பாடுபட்ட கைக்கு, முழுக்க நீட்டும்போதும் முழுக்க மடக்கும்போதும் மட்டும் வலித்தால் நல்ல பலன் உண்டு. அசைவின் நடுவிலேயே வலி, சும்மா இருக்கும்போதும் வலி என்றால் குருத்தெலும்பே போயிருக்கும். முள்ளை எடுப்பதால் அந்தக் குருத்தெலும்பு திரும்ப முளைக்காது. எடுத்த முள்ளும் சில வருஷத்தில் மறுபடி வளரலாம்.

முழங்கை இடித்தால் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்குமே, அந்த அல்நார் நரம்பைப் பற்றி முன்கூட்டியே கேளுங்கள். கை 90 டிகிரிக்கு மேல் மடங்காதவர்களுக்கு அதையும் சேர்த்துத் தளர்த்துவது வழக்கம். அறுவைக்குப் பின் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போனால் அன்றைக்கே சொல்லுங்கள். சில நாள் கழித்து ஆரம்பித்தாலும் "சரியாப் போயிரும்" என்று விடாதீர்கள்.

எனக்கு ஆறாத கோபம் டிஸ்சார்ஜ் சீட்டின் மேல்தான். அதில் "பிசியோதெரபி" என்று ஒரே வார்த்தை. எப்போது தொடங்குவது, எத்தனை டிகிரி வரை என்று ஒன்றுமில்லை. ஊரில் பிசியோதெரபிஸ்ட், "தையல் பிரிச்சுட்டு வாங்க" என்றார். மறுநாளே அசைக்க வேண்டிய கை 12 நாள் கழுத்தில் மாட்டிய கைத்தொட்டிலில் தொங்கியது. ஆபரேஷன் மேஜையில் 10 டிகிரி குறை வரை நீண்டிருந்தது, தையல் பிரித்தபோது 30. சீட்டில் நாளும் அளவும் எழுதி வாங்காமல் வார்டை விட்டுக் கிளம்பாதீர்கள். மேஜையில் எட்டிய அளவையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வீம்புக்கு எண்ணெய் போட்டு உருவி, அழுத்தி மடக்க விடாதீர்கள். உள்ளே ரத்தம் கட்டும், மூட்டைச் சுற்றி, எலும்பு வளரக் கூடாத இடத்திலும் எலும்பு வளரலாம். ஒரு மணிக்கொரு தரம் நீங்களே மெதுவாக மடக்கி நீட்டி, பிறகு ஐஸ் வையுங்கள். ராத்திரிக்கு நீட்டி வைக்கும் ஸ்ப்ளிண்ட் தேவையா என்று கேளுங்கள். துளையில் இரண்டு நாள் நீர் கசிந்தால் பயப்பட வேண்டாம். காய்ச்சலோ சீழோ வந்தால் உடனே போய்விடுங்கள்.

மூன்று மாதத்தில் 20 முதல் 125 வரை வந்தது. சட்டையின் கழுத்துப் பொத்தானை இப்போது அந்தக் கையாலேயே போட முடிகிறது.