சாயம் போகாத சேலை

நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் போன ஆண்டு மலரில் பள்ளித் தோழர் ஒருவர், சேலத்து நடுவே ஓடும் திருமணிமுத்தாற்றைப் பற்றி எழுதியிருந்தார். பளிங்குத் தண்ணீர், கரையெல்லாம் நாணல், மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்தது என்று அழகாகத்தான் இருந்தது. படித்துவிட்டுச் சேலத்தில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினேன். "அவங்க தாத்தா சொன்ன கதையா இருக்கும்க்கா" என்றான்.

நான் பள்ளியை முடித்தது 1983ல். சேலம் அப்போது நகராட்சிதான். மாநகராட்சி ஆனதெல்லாம் 1994ல். எனக்குத் தெரிந்த ஆற்றில் தண்ணீர் தண்ணீர் நிறத்தில் ஓடிப் பார்த்ததே அபூர்வம். தோழர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் வீடு எந்தப் பக்கமோ, எங்கள் வீடு குகை என்கிற பேட்டையில், ஆற்றை ஒட்டிய சந்தில். அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை.

கொதிக்கிற தொட்டியில் நூல் சிட்டங்களை, அதாவது நூல் கற்றைகளை, கழியில் மாட்டி முக்குவார். ஒரே சீராகச் சாயம் ஏற வேண்டும் என்பதற்காகத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டே இருப்பார். ஆவியில் முகமே தெரியாது. அப்புறம் அலசல். நூலைப் பிடித்து ஆற்றில் விட்டால், ஒட்டாத சாயமெல்லாம் வால் முளைத்தது மாதிரி நீளமாகப் பிரிந்து ஓடும். முதலில் கெட்டிச் சிவப்பு, பிறகு ரோஜா, கடைசியில் இருக்கிறதா இல்லையா என்று ஒரு சாயல். அந்தச் சாயலும் நின்ற பிறகுதான் நூல் மூங்கிலில் காயப் போகும். அங்கிருந்து பாவு நீட்டும் திடலான பாவடிக்குப் போய், தறியின் நீளவாட்டு நூலான பாவாக நீண்டு, கஞ்சி குடித்து, யாரோ ஒருவர் வீட்டுத் தறியில் ஏறும். எங்கள் தெருவில் தறிச் சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும்.

பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு பாலம். அதில் நின்று எட்டிப் பார்ப்பதற்கு முன்னால், இன்றைக்கு ஆறு என்ன நிறம் என்று பந்தயம் கட்டுவோம். தோற்றவர் சாயந்திரம் தட்டுவடை செட் வாங்கித் தர வேண்டும். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச் சட்னி எல்லாம் வைத்து வாய் கொள்ளாமல் கடிப்பது. மெல்போர்னில் என்னதான் செய்து பார்த்தாலும் அது வரமாட்டேன் என்கிறது. அந்தப் பந்தயத்தில் நான் அநேகமாகத் தோற்றதே இல்லை. முந்தின ராத்திரி அப்பா சோறு பிசையும்போது அவர் நகக்கண்ணைப் பார்த்து வைத்திருப்பேன். தீபாவளி நெருங்கினால் அரக்கு, பச்சை, மறுபடி அரக்கு. இந்த ரகசியத்தை இப்போதுதான் சொல்கிறேன். அப்போது தோற்றவர்கள் மன்னிக்கவும்.

சேர்வராயன் மலையில் மழை பிடித்தால் மட்டும் என் கணக்கு தப்பும். மஞ்சவாடிப் பக்கம் பிறக்கிற ஆறு, செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு இரண்டு நாள் ஆறாகவே ஓடும். அந்த இரண்டு நாளும் அப்பாவுக்கு வேலை கிடையாது.

சமூக அறிவியல் சார் ஒருநாள் அந்த ஆற்றைக் கரும்பலகை முழுக்க வரைந்தார். கரையில் ஐந்து சிவன் கோயில்களுக்குப் புள்ளி வைத்தார். சேலம் சுகவனேசுவரர், உத்தமசோழபுரம் கரபுரநாதர், பில்லூர் வீரட்டேசுவரர், மாவுரெட்டி பீமேசுவரர், நன்செய் இடையாறு திருவேலீசுவரர். உத்தமசோழபுரத்தில் ஔவையாருக்குச் சன்னதி இருப்பதையும், நன்செய் இடையாற்றுக்கு அருகே ஆறு காவிரியில் சேர்வதையும் சொன்னார். நான் எழுந்து, "அப்போ எங்கப்பா அலசற சாயம் காவேரி வரைக்கும் போகுமா சார்?" என்று கேட்டேன். பெருமையாகத்தான் கேட்டேன். வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "போகும்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாக்பீஸை மேசையில் வைத்தார்.

எங்கள் பாட்டி, ஆயாவுக்கு அந்த ஆறு சாமி. கோட்டை மாரியம்மன் கோயில் கரையிலேயே இருப்பதால் சேலத்தின் எட்டுப்பேட்டைக்கும் அவளே தாய் என்பாள். ஆடியில் மாவிளக்கு எடுத்துப் போகும்போது ஆற்றைப் பார்த்துக் கும்பிடுவாள். காலை மட்டும் நனைக்கமாட்டாள். ஏன் ஆயா என்றால், "அவளுக்கு ஒடம்பு சரியில்ல கண்ணு, தொந்தரவு பண்ணக் கூடாது" என்பாள்.

அந்த ஆடித் திருவிழாவில் அம்மனுக்குப் பொங்கல் வைத்ததற்கு மறுநாள் குகையில் வண்டி வேடிக்கை. வண்டிகளைச் சோடித்து, புராண வேடம் போட்ட ஆட்களை ஏற்றி, விளக்கு வெளிச்சத்தில் ஊர்வலம் விடுவார்கள். ஒரு வருஷம் நம் வகுப்புப் பையன் ஒருவன் பாலமுருகனாக உட்கார்ந்தான். ராத்திரி நேரமாக ஆக வேலைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனான். பக்கத்தில் நின்ற சிவபெருமான் முழங்காலால் முட்டி முட்டி எழுப்பியதை நாங்கள் திங்கட்கிழமை வரை நடித்துக் காட்டினோம். அவனும் இந்தச் சங்கத்தில்தான் இருக்கிறான். பெயர் வேண்டாம்.

போன ஆடிக்குப் போயிருந்தேன். ஆற்றுக்கு இரண்டு பக்கமும் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். முந்தின நாள் மழை. பாலத்துக்குக் கீழே நுரை பொங்கிப் பொங்கிப் போனது. மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள் யாரையெல்லாமோ திட்டினார்கள். எனக்கு வாய் வரவில்லை. என் பரீட்சைக் கட்டணம், சீருடை, முதல் விமான டிக்கெட்டுக்கு அடகு வைத்த அம்மாவின் வளையல், எல்லாம் அந்தத் தண்ணீரில் அலசிய காசு.

கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த அரக்குச் சேலை இன்னும் என்னிடம் இருக்கிறது. நூலுக்கு அவரே சாயம் போட்டு, தெரிந்த தறியில் கொடுத்து நெய்தது. "எத்தனை தண்ணியில போட்டாலும் சாயம் போகாது கண்ணு" என்று சொல்லித்தான் கொடுத்தார். போன வாரம் கையால் துவைத்தேன். மூன்று முறை அலசினேன். மூன்று முறையும் வாளியின் அடி பளிச்சென்று தெரிந்தது.