எட்டு அணி, ஏழு சுற்று, ஒரு முத்திரை

சேரன்மகாதேவி பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் பொங்கல் கபடிப் போட்டியை இந்த வருடம் லீக் முறையில் நடத்தி முடித்துவிட்டோம். வழக்கமாக நாக் அவுட்தான். வள்ளியூரிலிருந்து வேன் பிடித்து வரும் பிள்ளைகள் ஒரே ஆட்டத்தில் தோற்றுத் திரும்புவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் மாற்றினோம்.

அணிகள், பரிசு, நடுவர் எல்லாம் ஒரே வாரத்தில் அமைந்துவிட்டன. அனுமதிதான் உயிரை வாங்கியது. மைதானத்துக்குத் தடையில்லாக் கடிதம் கொண்டுவரச் சொன்னது காவல் நிலையம். அது நியாயம்தான். கடிதம் தர வேண்டிய அலுவலகத்தில் முதல் நாள் ஆளே இல்லை. மறுநாள், "நாளைக்கு வா தம்பி." மூன்றாம் நாள் கிடைத்த கடிதத்தோடு ஓடினால், முத்திரை இல்லை என்று நிலையத்தில் திருப்பிவிட்டார்கள். அந்த முத்திரைக் கட்டை எழுத்தரின் கைக்கருகிலேயே கிடந்தது, நானே பார்த்தேன். ஒரு குத்துக் குத்த அவருக்கு மனம் வரவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. தேதி, கையெழுத்து, முத்திரை மூன்றையும் பார்க்காமல் எந்த அலுவலகப் படியும் இறங்காதீர்கள்.

எட்டு அணிக்கு 28 ஆட்டம். நாங்கள் முதலில் எழுதிய அட்டவணையில் ஒரே அணி தொடர்ந்து மூன்று ஆட்டம் ஆட வேண்டியிருந்தது. ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் எட்டுப் புளியங்கொட்டைகளை நான்கு நான்காக இரண்டு வரிசை வைத்தார். எதிரெதிரே இருப்பவை மோதும். முதல் கொட்டையை அசைக்காமல் மற்ற ஏழையும் வட்டமாக ஓரிடம் தள்ளினால் அடுத்த சுற்று. ஏழு சுற்றில் எல்லாரும் எல்லாரோடும் ஆடிவிடுவார்கள். எந்த ஜோடியும் இரண்டாம் தரம் வராது. களம் ஒன்றுதான் என்றால், ஒரு சுற்றைக் கடைசியாக ஆடி முடித்தவர்களை அடுத்த சுற்றின் முதல் ஆட்டத்தில் இறக்காதீர்கள்.

முதல் நாள் விடியற்காலை சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. ஓர் அணி வரவில்லையாம். பையன்கள் அட்டவணையைக் கிழிக்கப் போனார்கள். நான் விடவில்லை. ஏழு அணி ஆனாலும் சுற்று ஏழுதான்! வராத அணியோடு மோத வேண்டியவர்களுக்கு அந்தச் சுற்றில் ஓய்வு. ஆளுக்கு ஒரு ஓய்வு, கூடுதல் குறைச்சல் கிடையாது. ஒரு பெயரை அடித்தேன். 28 ஆட்டம் 21 ஆனது, வேறு ஓர் எழுத்தும் மாறவில்லை.

நேரத்துக்காகப் பாதிக்கு 20 நிமிடத்தை 15 ஆக்கியிருந்தோம். அப்படியும் மூன்றாம் நாள் இரவு இழுத்துவிட்டது. பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால் கடைசி ஆட்டத்தின் பின்பாதி வெறும் விசிலில் நடந்தது. முடிவில் இரண்டு அணிகள் ஐந்து வெற்றியோடு சமமாக நின்றன. சமமானால் எடுத்த புள்ளிக்கும் கொடுத்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசம் பார்ப்போம் என்று முதல் நாளே எழுதி, எல்லாத் தலைவர்களிடமும் கையெழுத்து வாங்கியிருந்தோம். கோப்பையை இழந்த தலைவர் கோபமாகத்தான் வந்தார். தாளை நீட்டினேன். தம் கையெழுத்தைப் பார்த்தார், மடித்து என்னிடமே கொடுத்தார், பிள்ளைகளை வேனில் ஏறச் சொன்னார்.