இரண்டு கேன், ஒரு ஸ்கேல்

பணி ஓய்வு பெற்ற மறுநாள் காலை. காப்பித் தம்ளரை நான் கீழே வைப்பதற்குள் மனைவி கேட்டாள்: "ஏனுங்க, எப்போது கிளம்புகிறோம்?"

சென்னையை விட்டுக் கிளம்புவதில் எங்களுக்குள் சண்டையே கிடையாது. மடிப்பாக்கத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர்கள் நாங்கள். 2015 டிசம்பரில் தண்ணீர் தானாக வீட்டுக்குள் வந்து கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டது. 2019 கோடையில் அதே தண்ணீரைத் தேடி, குடமும் வாளியுமாக லாரிக்குப் பின்னால் ஓடினோம். அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்து இறங்கியது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "தண்ணீருக்கே ரிசர்வேஷன் கிடைத்துவிட்டது. நமக்குத்தான் எப்போதும் வெயிட்டிங் லிஸ்ட்."

அன்றே தீர்மானித்தோம், ஓய்வுக்குப் பிறகு நல்ல தண்ணீர் உள்ள ஊரில்தான் குடியிருப்பது என்று. வினையும் அன்றே ஆரம்பித்துவிட்டது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. நல்ல தண்ணீர் என்றால் எனக்குத் தாமிரபரணி. அவளுக்குச் சிறுவாணி. நான் அம்பாசமுத்திரத்துக்காரன், அவள் கோயம்புத்தூரில் வடவள்ளிக்காரி. சென்னை இரண்டு பேருக்கும் சொந்த ஊர் இல்லை என்பதால்தான் இத்தனை வருடம் குடித்தனம் சமாதானமாக ஓடியிருக்கிறது.

கொங்கு நாட்டில் பெண் எடுத்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். மற்ற ஊர்களில் கோபம் வந்தால் மரியாதை குறையும், அங்கே கூடும். சாதாரண நாளில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு 'ங்க' என்றால், கோபத்தில் வார்த்தைக்கு ஒன்று வரும். அந்தக் காலையில் 'ங்க' மழையாகப் பொழிந்தது.

"சிறுவாணிதானுங்க உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர்."

"முதலாவது எது?"

"அது எனக்கு எதற்குங்க? நாம் குடிக்கப்போவது இரண்டாவதைத்தானே."

எல்லாக் கோவைக்காரர்களும் இதைச் சொல்வார்கள். யார் எந்தத் தம்ளரை வைத்து அளந்தார்கள் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. நானும் சும்மா இருந்திருக்கலாம். சிறுவாணி அணை இருப்பது கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில், தாமிரபரணியோ பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் கலக்கும்வரை தமிழ் மண்ணைத் தாண்டாத ஆறு என்று ஒரு போடு போட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சமையலறையிலிருந்து குரல் வந்தது: "உங்கள் ஊர் அல்வாவை நெய்யில் கிண்டுகிறார்களாங்க, தண்ணீரில் கிண்டுகிறார்களாங்க? ருசியெல்லாம் தண்ணீரால்தான் என்றால் நெய் எதற்குங்க?"

முப்பத்திரண்டு வருடமாக இந்தக் கேள்வியை எந்தப் பானையில் ஊறப்போட்டு வைத்திருந்தாளோ தெரியவில்லை.

சொந்தபந்தமெல்லாம் திருச்சி, திருச்சி என்றது. கோயம்புத்தூருக்கும் திருநெல்வேலிக்கும் நேரடி ரயில் உண்டு, காவிரித் தண்ணீர், மலைக்கோட்டை, எல்லாம் சரிதான். ஒரு மே மாதத்தில் போய் இரண்டு நாள் தங்கிப் பார்த்தோம். "இங்கே வெயிலைத் தவிர நமக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டாள். மகள் தன் பங்குக்கு ஓசூர் என்றாள். அவள் பெங்களூரில் இருக்கிறாள், பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த யோசனையை மட்டும் இருவருமே காதில் வாங்கவில்லை.

பொங்கலுக்கு வந்த மகள்தான் பரீட்சை வைத்துப் பார்க்கலாம் என்றாள். நான் அம்பாசமுத்திரத்துக் கல்யாணத்துக்குப் போய்விட்டு ஐந்து லிட்டர் கேனில் ஆற்றங்கரைக் குழாய்த் தண்ணீர் பிடித்துவந்திருந்தேன். மச்சினன் சேரன் எக்ஸ்பிரஸில் ஒரு கேன் கொண்டுவந்து இறக்கினான். இரண்டும் சமையலறை மேடையில் சம்பந்திகள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மகள் எங்களை ஹாலில் உட்காரவைத்துவிட்டு, உள்ளே போய் மூன்று எவர்சில்வர் தம்ளர்களில் ஊற்றி எடுத்துவந்தாள். ஒன்றில் தாமிரபரணி, ஒன்றில் சிறுவாணி, ஒன்றில் நாங்கள் தினமும் காசு கொடுத்து வாங்கும் கேன் தண்ணீர். எதில் எது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தட்டில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

நான் முதல் தம்ளரைக் குடித்தேன், ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாவதைத் தொண்டைக்குள் விட்டதும் பாபநாசம் படித்துறையில் காலை நனைத்த மாதிரி இருந்தது. மூன்றாவதைக் குடிக்கவே வேண்டியதில்லை, மரியாதைக்குக் குடித்தேன். "இரண்டாவதுதான் தாமிரபரணி" என்றேன். அவள் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். கோவிலில் தீர்த்தம் வாங்கும்போதுகூட அந்தப் பக்தி இருக்காது. "இரண்டாவதுதானுங்க சிறுவாணி" என்றாள்.

மகள் தீர்ப்புச் சொல்லச் சீட்டை எடுத்தாள். தம்ளரிலிருந்து வழிந்த தண்ணீரில் சீட்டு ஊறி, மை கரைந்து, ஊதா நிறத்தில் ஒரு மேகம் மட்டும் இருந்தது. "எனக்கும் சரியாக ஞாபகம் இல்லை அப்பா" என்றாள். வக்கீலுக்குப் படித்த பெண். சாட்சியத்தைத் தண்ணீர்த் தம்ளருக்குக் கீழே வைத்துவிட்டாள். அந்த இரண்டாவது தம்ளரில் இருந்தது கேன் தண்ணீராக இருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அவளுக்கும் உண்டு. இருவரும் வாய் திறந்ததில்லை.

கடைசியில் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். அவள் கணக்கு டீச்சர். மகளின் பழைய பள்ளிக்கூட அட்லஸைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லி, தமிழ்நாட்டுப் பக்கத்தைத் திறந்து, ஸ்கேலை வைத்துக் கோயம்புத்தூரிலிருந்து திருநெல்வேலிக்குப் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். கோடு பொள்ளாச்சிக்குக் கிழக்கே மலையேறி, மறையூர்ப் பக்கம் கேரளத்துக்குள் நுழைந்து, போடிநாயக்கனூர் அருகே மறுபடி தமிழ்நாட்டில் இறங்கி, ராஜபாளையத்தை உரசிக்கொண்டு எங்கள் சீமைக்குப் போனது. மொத்தம் 10.6 சென்டிமீட்டர். 5.3-இல் ஒரு புள்ளி வைத்தாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். போடிக்கும் சின்னமனூருக்கும் நடுவில் விழுந்திருந்தது.

"ஸ்கேலைக் கொஞ்சம் என் பக்கம் தள்ளிவிட்டாயோ?" என்று கேட்டேன், அதாவது நல்லெண்ணத்தோடுதான். அந்த ஒரு கேள்விக்காக அன்று இரவு எனக்கு ரவை உப்புமா.

அடுத்த மாதம் சென்ட்ரலில் போடி ரயில் ஏறினோம். தேனியில் இறங்கி, கம்பம் போகும் பஸ்ஸில் சின்னமனூருக்கு டிக்கெட் எடுத்தோம். வீரபாண்டி தாண்டியதும் மனைவி பேச்சை நிறுத்திவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே நெல் வயல், வாழை, தென்னை, அதற்குப் பின்னால் நீலமாக மலை. காற்று புடவைத் தலைப்பை என் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. "மேற்கே மலை இருக்குதுங்க, எங்கள் ஊர் மாதிரி" என்றாள். எனக்கு அது பொதிகை மாதிரி இருந்தது, ஆனால் உப்புமா ஞாபகம் வந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

தரகர் காட்டிய வீடு ஆற்றிலிருந்து நடக்கிற தூரம். இரண்டு அறை, பின்னால் துவைக்கல், ஒரு முருங்கை. வீட்டுக்காரர் அடுத்த வாசலிலேயே இருந்தார். முன்னறைச் சுவரில் சாமி படங்களோடு சேர்த்துப் பென்னிகுவிக் படமும் மாட்டியிருந்தது, அதற்கும் பூ. அந்தப் பள்ளத்தாக்கில் அது சகஜம். 1895-இல் அவர் கட்டி முடித்த அணைதான் மேற்கே அரபிக்கடலுக்குப் போகவேண்டிய தண்ணீரை மலைக்குள் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பி அவர்கள் வயலுக்குக் கொண்டுவந்தது.

"அணை எங்கேங்க இருக்கிறது?" என்று மனைவி அப்பாவியாகக் கேட்டாள்.

"கேரளத்தில் அம்மா, இடுக்கி மாவட்டம்" என்றார் அவர்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பவேண்டிய அவசியமே இல்லை, பாலக்காடு என்று நான் சொன்ன நாளிலிருந்து காத்திருந்தவள் அவள். நான் முருங்கை மரத்தைப் பார்த்தேன்.

வீட்டுக்காரர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். "குடித்துப் பாருங்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். இதற்கு மேலே ஒரு தண்ணீர் தமிழ்நாட்டில் கிடையாது."

முதலில் நான் குடித்தேன். பிறகு அவள். செம்பைக் கீழே வைத்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு ஒரே குரலில், ஒரே ராகத்தில், "பரவாயில்லை" என்றோம். எட்டு மாதத்தில் நாங்கள் சேர்ந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அவர் முகம் வாடிவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவருடைய சமையலறையிலிருந்து, தாளிக்கும் சத்தத்துக்கு மேலே ஒரு குரல் வந்தது: "திருவையாற்றில் எங்கள் அப்பா வீட்டுக் காவிரித் தண்ணீரை ஒரு வாய் குடித்திருந்தால் இவர் இப்படியெல்லாம் பேசமாட்டார். நாற்பது வருடமாகச் சொல்கிறேன், கேட்டால்தானே!"

மனைவி கைப்பையைத் திறந்து முன்பணத்தை எண்ண ஆரம்பித்தாள்.