ஒரே நிரல், மூன்று வேகம்

மெய்நிகர் கணினி (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) என்றாலே மெதுவாகத்தான் ஓடும் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் மறுக்கத் தோன்றுகிறது. அவர்கள் சொல்லும் மந்தம் பெரும்பாலும் எமுலேஷனுக்கு, அதாவது ஒரு வகைச் செயலியை இன்னொரு வகைச் செயலியில் மென்பொருளால் போலச்செய்வதற்கு, உரியது. ஏஆர்எம் செயலிக்கான நிரலை இன்டெல் செயலியில் ஓட்ட வேண்டுமானால், கியூஈமு போன்ற எமுலேஷன் மென்பொருள் அதன் கட்டளைகளை மொழிபெயர்த்துக்கொண்டே போக வேண்டும். அந்த உழைப்புக்கு நேரம் பிடிக்கிறது.

மெய்நிகராக்கத்தில் உள்ளே ஓடும் நிரலும் அதே வகைச் செயலிக்கானது என்பதால் அந்த வேலையே இல்லை. 2005-இல் இன்டெல், மெய்நிகராக்கத்துக்கு உதவும் விடி-எக்ஸ் வசதியைச் செயலிக்குள் வைத்தது. 2007-இல் லினக்ஸ் 2.6.20-இல் அத்தகைய வசதியைப் பயன்படுத்தி மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கேவிஎம் சேர்ந்தது. உள்ளே இருக்கும் இயங்குதளத்தின் கட்டளைகள் நேரடியாகச் செயலியிலேயே ஓடுகின்றன. வெறும் கணக்கீடு என்றால் நேரடி இயக்கத்துக்கு மிக அருகில் வந்துவிடும். வட்டும் வலைப்பின்னலும்தான் இடறும் இடங்கள். அங்கே மெய்நிகர் கணினிக்கென்றே எழுதப்பட்ட விர்டியோ இயக்கிகளைப் போடாமல் குறை சொல்வது நியாயமில்லை.

என்னை வியக்க வைத்தது, இன்டெல் செயலிக்கான நிரல்களைத் தன் ஏஆர்எம் வகை எம்1 சில்லில் ஓட்ட 2020-இல் ஆப்பிள் தந்த ரொசெட்டா 2. நிரலின் பெரும்பகுதியை ஓடத் தொடங்கும் முன்பே மொழிபெயர்த்து வைத்துவிடுகிறது. நினைவகத்தை அணுகுவதில் இன்டெல் செயலி காக்கும் வரிசைமுறையை எம்1 சில்லிலேயே பதித்திருக்கிறார்கள். எத்தனை அழகான யோசனை! எமுலேஷன் பற்றிய என் பழைய எண்ணம் அதன்பின்தான் மாறியது.

வேக ஒப்பீட்டு எண்களை வெளியிடும் நண்பர்களே, கேவிஎம் இயங்கியதா இல்லையா என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.