வூட்லண்ட்ஸில் வீடு, கோத்தா திங்கியில் வாத்து

வாத்துப் பண்ணை வைக்க ஆசை, எங்கே ஆரம்பிப்பது என்று கேட்கும் சிங்கப்பூர் நண்பர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எல்லைக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில் உங்களுக்கு நெருங்கின சொந்தம் யாராவது உண்டா? தினமும் விடியற்காலையில் கொட்டகைக்குப் போகச் சம்மதிக்கிற சொந்தம்? இல்லை என்றால் பணத்தைப் பத்திரமாக வங்கியிலேயே வையுங்கள் என்பேன். முதலீடு, குஞ்சு, தீவனம் எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு வழி கிடைத்துவிடும். காலையில் நிற்கிற ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

முதலில் நானும் சிங்கப்பூருக்குள்தான் வழி தேடினேன். வீவக எனும் அரசு அடுக்குமாடி வீட்டில் கோழி, வாத்து எதையும் வளர்க்க விடமாட்டார்கள், அது எல்லோருக்கும் தெரிந்ததே. தரைவீட்டில் சொந்தத் தேவைக்குப் பத்து பறவை வரைக்கும் வைத்துக்கொள்ளலாம். அதுவும் காட்டுப் பறவைகள் உள்ளே வர முடியாத கூண்டில். விற்பனைக்கு என்றால் பண்ணை உரிமம் வேண்டும், அதற்கு முன்னால் நிலம் வேண்டும். தீவின் மொத்த நிலத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகத்தான் விவசாயத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த நிலமும் ஏலக் குத்தகையாக வருவது. லட்சக்கணக்கில் போடுகிறவர்களோடு நாம் போட்டி போட முடியாது. லிம் சூ காங்கில் பல காலமாக இருந்த பண்ணைகள் சிலவற்றின் குத்தகையே ராணுவப் பயிற்சி நிலத்துக்காக முடிந்துபோனது. இங்கே இருக்கிற முட்டைக் கோழிப் பண்ணைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம், அவை ஒவ்வொன்றும் பெரிய தொழிற்சாலை. ஒரு தலைமுறைக்கு முன்னால் செம்பவாங் பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) வீடுகளில் வாத்து மேய்ந்தது என்று அம்மா சொல்வார். அந்தச் சிங்கப்பூர் வேறு.

இன்னொன்றும் குழப்பும். 2019 ஏப்ரலில் பழைய வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் கலைக்கப்பட்டது. உணவு சம்பந்தப்பட்டது சிங்கப்பூர் உணவு அமைப்புக்கும், விலங்கு சம்பந்தப்பட்டது தேசியப் பூங்காக் கழகத்துக்கும் போயின. வாத்து ஓர் இடம், அதன் முட்டை இன்னோர் இடம். பழைய ஆணையத்தின் பெயரை வைத்துத் தேடினால் நேரம்தான் வீண்.

சரி, ஜோகூர். அம்மாவின் தம்பி கோத்தா திங்கி பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொஞ்சம் சொந்த நிலம் இருந்தது. மகனும் அவரோடுதான். நான் பணம் போடுகிறேன் என்றதும் மாமா சிரித்தார். "மாப்ள, பணம் போடுறது பெரிசில்ல. நீ வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து ஞாயித்துக்கிழமை போயிடுவ. திங்கக்கிழமை வாத்துக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். அந்தக் கேள்விக்கு அவரே பதிலாக வந்து நின்றதால்தான் பண்ணை நடக்கிறது.

காகித வேலையில் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். மலேசியாவில் தனியாள் வணிகப் பதிவு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். வணிகப் பெயரில் பதிய ஆண்டுக்கு 60 ரிங்கிட், அவ்வளவே. வெளிநாட்டவர் நிலம் வாங்க வேண்டும் என்றால் மாநில அரசின் ஒப்புதல் தேவை. அதனால் நிலம் மாமா பெயரில், வணிகம் மச்சான் பெயரில். நான் கொடுத்தது கடன். வழக்கறிஞர் முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். சொந்தக்காரரிடம் எழுதி வாங்குவதா என்று அத்தை முகம் சுளித்தார். நான்தான் விடவில்லை. எழுதி வைத்ததால்தான் இன்றைக்கும் பொங்கலுக்கு ஒரே இலையில் சாப்பிடுகிறோம். மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குக் கொட்டகை கட்டும் முன்பே போய்விடுங்கள். வீடுகளிலிருந்தும் ஓடையிலிருந்தும் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், கழிவு எங்கே போகும் என்று கேட்பார்கள். கட்டிய பிறகு போனால் இடிக்கச் சொல்ல வாய்ப்புண்டு.

இடம் பார்த்ததும் மாமாதான். தண்ணீர்ப் பறவைதானே, ஓடைப் பக்கம் போடலாம் என்றேன். அவர் கேட்கவேயில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி மூழ்கியதைக் கண்ணால் பார்த்தவர் அவர். மேட்டில்தான் கொட்டகை. இப்போது வடகிழக்குப் பருவமழை அடிக்கும்போது நான் வூட்லண்ட்ஸில் நிம்மதியாகத் தூங்குகிறேன். ஒரு வாத்துக்கு உள்ளே நான்கு சதுர அடி, வெளியே திரிய பத்துப் பதினைந்து சதுர அடி என்று கணக்கு வைத்தோம். தரையில் உமி.

குளம் வெட்டுவதில் ஒரு சண்டையே நடந்தது. குளம் இல்லாமல் வாத்தா என்று மாமாவுக்கு ஆற்றாமை. முட்டைக்காக வளர்க்கிற வாத்துக்கு நீந்தக் குளம் கட்டாயமில்லை. ஆனால் தலையை முழுசாக முக்கி மூக்கையும் கண்ணையும் கழுவ முடிகிற ஆழத்தில் தண்ணீர் வேண்டும். இல்லாவிட்டால் கண் ஒட்டிக்கொள்ளும். ஆறேழு அங்குல ஆழத்தில் சிமெண்ட் வாய்க்கால் ஒன்று, கொட்டகையின் தாழ்ந்த பக்கத்தில் போட்டோம். தேங்கின குட்டையை விட அது எவ்வளவோ மேல். குட்டையில் செத்த எலி, அழுகின இலை கிடந்தால் அதில் வளரும் கிருமியின் நஞ்சு வாத்தின் கழுத்தைத் தொய்யவைத்துக் கொன்றுவிடும். வாய்க்காலைத் தினமும் திறந்துவிட்டுக் கழுவலாம். அந்தத் தண்ணீர் வாழைக்குப் போகிறது. வாழை எப்படிக் காய்க்கிறது என்று மாமாவிடம் கேட்டுவிடாதீர்கள், அரை மணி நேரம் போய்விடும்.

இனம் காக்கி கேம்பெல் கலப்பு. இங்கிலாந்தில் உருவான இனம் என்றாலும் அதன் ரத்தத்தில் ஒரு பங்கு நம் பக்கத்தது. அதில் கலந்த, நிமிர்ந்து நடக்கிற இந்தியன் ரன்னர் வாத்து ஜாவா, பாலித் தீவுகளிலிருந்து போனது. நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும் என்று புத்தகங்களில் இருக்கும். அந்த எண்ணை வைத்து வங்கிக் கணக்குப் போடாதீர்கள். நாங்கள் போட்ட கணக்கு 220. அதற்கு மேலே வருவதெல்லாம் அத்தையின் உண்டியலுக்கு.

நூற்றைம்பது சொச்சம் குஞ்சு இறக்கினோம். முதல் வாரம் 32 பாகை வெப்பம் வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று பாகை குறைக்கலாம். ஜோகூர் வெயிலில் இரண்டாம் வாரத்துக்கு அப்புறம் இரவில் மட்டும் விளக்கு போதும். குஞ்சுகள் விளக்கடியில் குவிந்தால் குளிர், விலகி ஓடினால் சூடு. வெப்பமானியைவிட அதுதான் நம்பகம். பெரிய சிக்கல் தீவனத்தில் இருக்கிறது. அங்கே கடையில் சுலபமாகக் கிடைப்பது கோழிக்குஞ்சுத் தீவனம். வாத்துக்குஞ்சுக்கு நியாசின் என்ற சத்து கோழியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தேவை. அது குறைந்தால் கால் வளைந்து, குஞ்சு நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடும். ஈஸ்ட் தூள் கலந்து கொடுத்தோம். மருந்து கலந்த கோழித் தீவனம் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது பூஞ்சை. கடை ஒன்றில் வாங்கின சோள மூட்டையின் அடியில் பச்சையாகப் பூத்திருந்தது. மச்சான் முகர்ந்து பார்த்தே திருப்பி அனுப்பிவிட்டான். கோழி தாங்கினாலும் வாத்து தாங்காது. 1960இல் இங்கிலாந்தில் கெட்டுப்போன கடலைப் பிண்ணாக்கைத் தின்று லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்தன, வாத்துக்குஞ்சுகளும் செத்தன. அந்தத் தேடலில்தான் அஃப்ளாடாக்ஸின் என்ற பூஞ்சை நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். பிறகு அந்த நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்க வாத்துக்குஞ்சையே பயன்படுத்தினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரக் காற்று வீசுகிற ஊரில் மூட்டையைத் தரையில் வைக்காதீர்கள், இரண்டு வாரத்துக்கு மேல் வாங்கிச் சேர்க்காதீர்கள்.

ஆண், பெண் கலந்துதான் குஞ்சு வந்தது. ஏழெட்டு வாரத்தில் குரல் பிரிந்துவிடும்: கத்திக் கூப்பாடு போடுவது பெட்டை, தொண்டை கட்டினதுபோல் கரகரப்பது ஆண். சாப்பாட்டு முட்டைக்கு ஆண் தேவையே இல்லை. பெரும்பாலானவற்றை இறைச்சிக்கு விற்றோம், ஆனால் இந்த இனத்தின் ஆண் சின்னது. வாத்துச் சமையல் கடைக்காரர்கள் பெக்கின் வாத்தையோ செராத்தி எனும் பெரிய வாத்தையோதான் கேட்பார்கள். அதில் லாபம் பார்க்க நினைக்காதீர்கள்.

ஐந்தாம் மாதக் கடைசியில் முட்டை வந்தது. வாத்து பெரும்பாலும் விடியும் முன்னே இட்டுவிடும். ஒன்பது மணி வரை வெளியே விடாமல் வைத்திருந்தால் முட்டை கொட்டகையிலேயே கிடைக்கும். முன்னாலேயே திறந்தால் புதரெல்லாம் தேட வேண்டியதுதான், உடும்பும் தேடும். நமக்குப் பகல் ஆண்டு முழுக்கப் பன்னிரண்டு மணி நேரம்தான். முட்டை குறையாமல் இருக்க 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும் என்பதால் விளக்குக்கு ஒரு டைமர் மாட்டினோம். இரவு முழுக்க மங்கலாக ஒரு பல்பும் எரியும். இருட்டில் பாம்போ நாயோ வந்தால் மொத்தக் கூட்டமும் ஒரு மூலைக்கு ஓடி ஒன்றையொன்று மிதித்துவிடும். பயந்தால் பல நாள் முட்டை குறைந்துவிடும். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுப் பையன்களிடம் மாமா ஆளுக்குக் கொஞ்சம் காசு கொடுத்து வெடியை ரோட்டுப் பக்கம் வெடிக்கச் சொன்னார். அந்தக் காசையும் செலவுக் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

கணக்கு எழுதுவது என் வேலை. நூறு பெட்டைக்கு நாளைக்கு 15 முதல் 17 கிலோ தீவனம். செலவில் பத்து ரிங்கிட்டில் ஆறேழு அதற்கே போய்விடும். சிங்கப்பூர் வெள்ளியில் சம்பாதிக்கிறவனுக்கு ஆரம்ப முதலீடு பெரிதாகத் தெரியாது. அந்த மயக்கத்தில் விரிவாக்காதீர்கள். பண்ணை ரிங்கிட்டில் வாங்கி ரிங்கிட்டில் விற்கிறது, அதன் லாபத்தையும் ரிங்கிட்டிலேயே பாருங்கள்.

ஏன் சிங்கப்பூரில் விற்கவில்லை என்று கேட்பார்கள். விற்பனைக்கு முட்டை கொண்டுவர சிங்கப்பூர் உணவு அமைப்பு அங்கீகரித்த பண்ணையாக இருக்க வேண்டும், உரிமம் உள்ள இறக்குமதியாளர் வேண்டும், ஒவ்வொரு சரக்குக்கும் அனுமதி வேண்டும். எங்கள் அளவுக்கு அது ஆகாது. பயணியாக நான் சொந்தச் சாப்பாட்டுக்கு 30 முட்டை வரை கொண்டுவரலாம். பச்சை வாத்து இறைச்சி கூடாது. இந்த எல்லை எப்போது வேண்டுமானாலும் இறுகும் என்பதையும் மனதில் வையுங்கள். 2004 ஆகஸ்டில் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் வந்தபோது மலேசியா முழுவதிலிருந்தும் கோழி, வாத்து, முட்டை வரத்தைச் சிங்கப்பூர் நிறுத்தியது. அக்கரையை மட்டும் நம்பின பண்ணைகளுக்கு அப்போது என்ன ஆகியிருக்கும்?

எங்கள் காசு உப்பு முட்டையில்தான் வந்தது. பச்சை முட்டையை நம் ஆட்கள் அவ்வளவாக வாங்குவதில்லை, வாடை என்பார்கள். உப்பு முட்டை என்றால் நாசி கெராபு எனும் மலாய்ச் சோறு விற்கும் மலாய்க்கார அக்கா முதல் கஞ்சிக்கடை தவுக்கே (முதலாளி) வரை கேட்கிறார்கள். ஒரு பங்கு உப்பு, நான்கு பங்கு தண்ணீர், காய்ச்சி ஆற வைத்து, விரிசல் இல்லாத முட்டையாகப் பொறுக்கி மூன்று வாரம் ஊற வைப்பது. விரிசல் பார்க்கிற வேலை அத்தையுடையது: இரண்டு முட்டையை லேசாகத் தட்டிச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். நிலாப் பலகாரக் காலத்துக்கு முன்னால் ரொட்டிக்கடைகள் மஞ்சள் கருவை மட்டும் கேட்கும். அந்த வாரங்களில் விலை ஏறும், ஆனால் கடன் சொல்வதும் ஏறும். கடை ஒன்று இழுத்தடித்ததற்குப் பிறகு, பாதிப் பணம் முன்னால் என்று மச்சான் எழுதி ஒட்டிவிட்டான்.

இப்போது இரண்டாம் தொகுதிக் குஞ்சுகள் வளர்கின்றன. முதல் தொகுதி இன்னும் இடுகிறது. முட்டை குறையத் தொடங்கி, தின்கிற தீவனத்துக்குக் கட்டுப்படியாகாத மாதத்தில் அவற்றை விற்றுவிடுவோம். அதற்குள் புதியவை முட்டைக்கு வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கஞ்சிக்கடைக்காரர் வேறு ஆளைத் தேடிக்கொள்வார். எத்தனை இறக்கலாம் என்று நான் ஒரு எண் சொன்னேன். மாமா அதில் ஐம்பதைக் குறைத்தார். முழங்கால் வலி இருக்கிறதாம். குறைத்த எண்ணுக்கே பணம் அனுப்பினேன்.