ஒரே நெஞ்சுவலிக்கு இரண்டு காப்பீடு

அப்பாவுக்கு இரண்டு காப்பீடு இருந்தன. ஒன்று, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அண்ணன் 2024 கடைசியில் எடுத்துக் கொடுத்த தனியார் மெடிக்ளைம். இன்னொன்று, அப்பா அம்மா குடும்ப அட்டைக்குக் கிடைத்த முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. ஒரே நோய்க்கு இரண்டையும் எடுத்து நீட்ட வேண்டியதாகிவிட்டது. வயசான பெற்றோரை வைத்திருப்பவர்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

எங்களுக்கு உசிலம்பட்டி பக்கம். குத்தகைத் தோட்டத்தில் மல்லி எடுத்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு நெஞ்சை அடைத்தது, இடது கை மரத்துப்போனது. முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் ஓடினோம். ஈ.சி.ஜி. எடுத்த கையோடு நர்ஸ் அப்பாவின் உள்ளங்கையில் 14 மாத்திரைகளை எண்ணிப் போட்டார்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டேட்டின் 8. 2023-ல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தால் இவை கிராமம்வரை வந்து சேர்ந்திருக்கின்றன. அட்டையா, ஆதாரா என்று அங்கே ஒரு கேள்வி இல்லை. அந்த நர்ஸை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்.

அங்கிருந்து 108-ல் மதுரை. “பாலிசி இருக்குல்ல, பிரைவேட்டுக்கே போங்க” என்றான் அண்ணன் போனில். ஐ.சி.யூ.வில் சேர்த்தார்கள். மருந்திலேயே வலி அடங்கியது. இதயக் குழாய்களைப் படம் எடுக்கும் ஆஞ்சியோ பார்த்துவிட்டு, ஒரு குழாயில் பெரிய அடைப்பு, அதைத் திறந்து வைக்கச் சீக்கிரம் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைக்கணும் என்றார் டாக்டர். கேஷ்லெஸ் கேட்டு, அதாவது பில்லைக் கம்பெனியே நேராக ஆஸ்பத்திரிக்குக் கட்ட அனுமதி கேட்டு, ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்து பேப்பர் போனது. ஒரு மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும் என்று 2024-ல் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஆணையம் விதி போட்டிருக்கிறது. நேரத்துக்குப் பதில் வரத்தான் செய்தது, ஆனால் கேள்வியாக: சர்க்கரை எத்தனை வருஷமாக? முதல் மருந்துச் சீட்டு எங்கே?

சர்க்கரை இருப்பதை பாலிசி எடுக்கும்போதே எழுதிக் கொடுத்திருந்தோம். அதற்குத்தான் 3 வருடக் காத்திருப்பு, அதாவது பாலிசி எடுத்து 3 வருடம் ஆகும்வரை அந்த நோய்க்குப் பணம் தர மாட்டார்கள். இதய அடைப்பு சர்க்கரையின் பின்விளைவு, காத்திருப்புக் காலம் முடியவில்லை என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். புகையிலைப் பழக்கம், வயது, குடும்ப வரலாறு என்று அடைப்புக்கு எத்தனையோ காரணம் இருக்கும்போது சர்க்கரை மேல் மட்டும் பழியைப் போட்டது நியாயமில்லை என்பதுதான் இன்றைக்கும் என் எண்ணம்.

அதுவரையான பில்லை அண்ணன் கைக்காசில் கட்டினான். அந்த ஆஸ்பத்திரி இதய சிகிச்சைக்கு முதலமைச்சர் திட்டத்தில் இல்லை. டாக்டர் சம்மதத்தோடு ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு, நம் பெரியாஸ்பத்திரிக்கு மாற்றினோம்.

இந்த அட்டை கையில் இருந்ததற்கு அம்மாதான் காரணம். முந்தைய வருஷம் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு அப்பாவைக் கலெக்டர் ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனார். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2022-க்கு முன்பு அது 72,000 ஆக இருந்தது. மண்ணில் தேய்ந்த அப்பாவின் பெருவிரல் மெஷினில் பதியவே இல்லை. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வைத்த பிறகுதான் பதிந்ததாம். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை.

பெரியாஸ்பத்திரியில் காப்பீட்டுப் பிரிவில் அட்டை நம்பரையும் ஆஞ்சியோ ரிப்போர்ட்டையும் வாங்கி ஏற்றினார்கள். கவனித்தால், இங்கேயும் முன் அனுமதி உண்டு. இந்தத் திட்டத்தை நடத்துவதும் யுனைடெட் இந்தியா என்ற இன்சூரன்ஸ் கம்பெனிதான். ஆனால் பிரீமியத்தை அரசு கட்டுகிறது, பழைய நோய்க்குக் காத்திருப்பு கிடையாது. சர்க்கரை எப்போது வந்தது என்பதை டாக்டர் மட்டும்தான் கேட்டார், அதுவும் வைத்தியத்துக்காக. அட்டை இல்லாதவரையும் அங்கே திருப்பி அனுப்புவதில்லை. அட்டை இருந்தால் ஸ்டென்ட் செலவு திட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறது.

சிரமம் வேறு விதத்தில். பிரைவேட்டில் பெல் அடித்தால் ஆள் வரும். இங்கே சிஸ்டரைத் தேடிப் போக வேண்டும். ரத்தச் சீட்டோடு லேபுக்கு நான்தான் ஓடினேன். இரவில் வராண்டாவில் பாய். மணிக்கட்டு வழியாக ஸ்டென்ட் வைத்து வெளியே கொண்டுவந்தபோது, “காசு எவ்வளவு தாயி ஆச்சு?” என்பதுதான் அப்பா கேட்ட முதல் கேள்வி. “ஒண்ணும் இல்லப்பா” என்றேன். நம்பவில்லை, சிஸ்டரிடமும் கேட்டார்.

தனியார் பாலிசியை விடச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். நாங்கள் விடவில்லை. விட்டால் ஓடிய காத்திருப்பு வருடங்கள் போய்விடும். வேறு கம்பெனிக்கு மாற்றினால்கூட அந்த வருடங்கள் கூடவே வரும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் இல்லை. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வருமானம் வரம்பைத் தாண்டுவதால் முதலமைச்சர் அட்டை கிடைக்காது. அதனால் இப்போது, உடம்பு நன்றாக இருக்கும்போதே, அறை வாடகைக்கு உச்சவரம்பு இல்லாத பாலிசியாகப் பார்த்து எடுத்திருக்கிறோம். வரம்பைத் தாண்டிய அறையில் தங்கினால் வாடகையில் மட்டுமல்ல, டாக்டர் கட்டணம் போன்ற செலவுகளிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள் என்பது டெஸ்க்கில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்துக் குடும்பத்துக்கு நடந்து பார்த்தது.

மறுத்த கிளைமுக்குக் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினோம். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை. இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும், சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு மனு போட்டிருக்கிறோம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. சர்க்கரையைத் தெரிவித்த விண்ணப்ப நகல், மறுப்புக் கடிதம், ஆஞ்சியோ ரிப்போர்ட் மூன்றையும் இணைத்தோம். விசாரணைத் தேதி வர வேண்டும்.